‘அஸ்ரக்’: அகராதியில் நீலம், பெயர்களில் வேறு

ஜோர்டானில் இருக்கும் சிரிய அகதிகள் முகாம் ஒன்றைப் பற்றிய அரபுக் குறிப்பைத் தமிழாக்கும் வேலை ஒருமுறை என்னிடம் வந்தது. முதல் வரியிலேயே ‘முகய்யம் அல்-அஸ்ரக்’ என்று இருந்தது. முகய்யம் என்றால் முகாம், அஸ்ரக் என்றால் நீலம். ‘நீல முகாம்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஐ.நா. ஆட்கள் நீலத் தார்ப்பாய் போட்டிருப்பார்கள், அதனால் வந்த பெயராக இருக்கும் என்று மனதுக்குள் ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். பிழை பார்த்த தம்பி மறுநாள் போன் செய்தார். “அண்ணே, அது ஊர்ப் பேரு. வெள்ளகோவிலை வெள்ளைக் கலர் கோயில்னு எழுதுவீங்களா?”

எழுத மாட்டேன்தான். பிறகு தேடிப் பார்த்தால் அந்த முகாமில் தார்ப்பாய்க் கூடாரமே கிடையாது. 2014 ஏப்ரலில் திறந்த நாளிலிருந்து வரிசை வரிசையாக வெள்ளைத் தகரக் கொட்டகைகள்தான். சுற்றிலும் பாலைவனம். நீலம் என்று சொல்ல வானம் ஒன்றுதான் இருந்தது.

அன்றிலிருந்து இந்த ஒரு சொல் எங்கே பெயராக வந்தாலும் குறித்துவைக்க ஆரம்பித்தேன். ஓர் ஊர், ஓர் ஆறு, ஓர் ஊற்று, ஒரு சுல்தானகம், ஒரு கலகக் கூட்டம், ஸ்பெயினில் ஒரு படைத்தலைவன், ஒரு பறவை, ஒரு கால்பந்து அணி என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. பார்த்தவரையில் எனக்குப் பிடிபட்டது இது: பெயராகி நிற்கும் அஸ்ரக்குகளில், இன்று நாம் நீலம் என்று சொல்கிற நிறத்தை நேராகக் குறிப்பவை மிகக் குறைவு. சொல்லின் பொருள் காலப்போக்கில் நகர்ந்துவிட்டது. பெயர்கள் நகரவில்லை, பழைய பொருளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கின்றன.

சொல்லின் அச்சு

அரபில் நிறங்களுக்கென்று ஒரு சொல் அச்சு இருக்கிறது. ஆண்பாலுக்கு அஸ்ரக், பெண்பாலுக்கு ஸர்கா, பன்மைக்கு ஸுர்க். சிவப்பு இதே மாதிரி அஹ்மர், ஹம்ரா, ஹும்ர் என்று வரும். கறுப்பு அஸ்வத், ஸவ்தா, ஸூத். இந்த அச்சில் நிறங்களோடு இன்னொரு கூட்டமும் உட்கார்ந்திருப்பதுதான் சுவாரசியம். அஃமா என்றால் பார்வையற்றவர், அஃரஜ் என்றால் கால் ஊனமானவர், அத்ரஷ் என்றால் காது கேளாதவர், அஹ்வல் என்றால் மாறுகண்ணர். அதாவது ஓர் ஆளைப் பார்த்ததும் கண்ணில் படும் உடல் அடையாளங்கள். நிறமும் அப்படி ஓர் அடையாளமாகத்தான் இந்த இலக்கணத்தில் இடம் பிடித்திருக்கிறது.

அதனால் நிறச்சொல் பட்டப்பெயராவது அரபில் மிக எளிது. முன்னால் ஓர் ‘அல்’ போட்டால் போதும். நம் கிராமங்களில் கறுப்பன், செவத்தான், வெள்ளையம்மா என்று கூப்பிடுவது போலத்தான். வித்தியாசம் என்னவென்றால், நம்முடைய பெயர்கள் தோலைப் பார்க்கின்றன. ஓர் ஆளை அல்-அஸ்ரக் என்றால் அரபுக் காது கண்ணைத்தான் நினைக்கும். கண் என்ற சொல்லே அங்கே இருக்காது, ஆனால் பொருள் ‘நீலக்கண்ணன்’.

தமிழில் எழுதும்போது இன்னொரு தொல்லை. அரபின் இரண்டு வேறு எழுத்துகளுக்கு நம்மிடம் ‘ஸ’ ஒன்றுதான் இருக்கிறது. அஸ்ரக் என்று நாம் எழுதுவதை அப்படியே இன்னோர் எழுத்துப் போட்டு வாசித்தால் ‘இன்னும் பெரிய திருடன்’ என்று அர்த்தம் வரும். தம்பி இதைச் சொல்லித்தான் என்னை ஒரு வாரம் கிண்டலடித்தார்.

சரி, நீலத்துக்கு வருவோம். இஸ்லாத்துக்கு முந்திய அரபுக் கவிதைகளில் இந்தச் சொல் எதையெல்லாம் வர்ணிக்கிறது என்று பார்த்தால் மூன்று பொருள்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பாலைவனப் பயணத்தில் எதிர்ப்படும் தெளிந்த நீர்த்தேக்கம். தீட்டி வைத்த அம்பு முனை, ஈட்டி முனை. வெளிறிய கண். தண்ணீருக்கும் இரும்புக்கும் கண்ணுக்கும் பொதுவாக இருப்பது நீலச்சாயம் இல்லை, மினுக்கம். வெயிலில் சட்டென்று வெட்டும் ஒளி. இதை மனதில் வைத்துக்கொண்டு பெயர்களைப் பார்த்தால்தான் அவை பேசத் தொடங்குகின்றன.

யமாமா நாட்டு ஸர்காவின் கதை இதற்கு நல்ல உதாரணம். நடு அரேபியாவில் ஜதீஸ் என்ற குலத்தில் பிறந்தவள். மூன்று நாள் பயணத் தொலைவில் வருகிறவரையும் பார்த்துவிடுவாளாம். எதிரிப் படை இதைத் தெரிந்துகொண்டு, ஆளுக்கொரு மரக்கிளையை வெட்டி முன்னால் பிடித்தபடி நடந்தது. “மரங்கள் நடந்து வருகின்றன” என்று அவள் சொன்னபோது, கிழவிக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று ஊர் சிரித்தது. படை வந்தது, ஊர் அழிந்தது. அவள் கண்ணைப் பிடுங்கிப் பார்த்தபோது நரம்பெல்லாம் கறுப்பு அஞ்சனம் ஏறியிருந்ததாகக் கதை முடியும். ‘ஸர்காவைவிடக் கூர்மையான பார்வை’ என்ற பழமொழி அரபில் இன்றும் உண்டு. அவள் பெயரை நீலம்மாள் என்று மொழிபெயர்த்தால் கதையின் உயிரே போய்விடும். மின்னும் கண்ணாள், ஊடுருவும் கண்ணாள் என்பதுதான் அந்தப் பெயர்.

கண் வசவான விதம்

அரேபியாவில் வெளிறிய கண் அபூர்வம். வடக்கே ரோமானியர்களிடம், அதாவது பைசாந்தியர்களிடம்தான் அதைப் பார்க்க முடியும். அவர்களோ எதிரிகள், இல்லையென்றால் போரில் பிடிபட்டு வந்த அடிமைகள். ஆக நீலக்கண் என்பது அந்நியன் என்றும், அங்கிருந்து பகைவன் என்றும் நழுவியது. ‘நீல எதிரி’ என்று அரபில் சொன்னால் நீலச் சட்டைக்காரன் இல்லை, கொடும்பகைவன். குர்ஆனின் 20ஆம் அத்தியாயம் 102ஆம் வசனத்தில், மறுமை நாளில் குற்றவாளிகள் ‘ஸுர்கன்’ ஆக எழுப்பப்படுவார்கள் என்று வருகிறது. உரையாசிரியர்கள் இந்த ஒரு சொல்லில் பிரிந்து போகிறார்கள். நீலக்கண்ணராக என்கிறார் ஒருவர், பார்வை போனவராக என்கிறார் இன்னொருவர், தாகத்தால் கண் வெளிறியவராக என்கிறார் மற்றொருவர். மூன்றும் பழைய சொல்லுக்குள் அடங்கக்கூடியவை.

பேச்சு வழக்கில் இந்தக் கசப்பு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எகிப்தியர் கடைசி எழுத்தை விழுங்கி ‘அஸ்ரஅ’ என்பார்கள். ஒருவனுக்கு ‘கோரைப்பல் நீலம்’ என்றால் அவன் வஞ்சகன். ஏதாவது கெட்டது நடந்தால் ‘ஐயோ நீல நாளே’ என்று தலையில் கை வைப்பார்கள். ‘நீல ஜின்னுக்குக்கூடத் தெரியாது’ என்றால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று பொருள். அதே ஆட்கள் குழந்தைக்குக் கண்ணேறு படாமல் இருக்க நீல மணி கட்டிவிடுவதும் உண்டு. விஷத்துக்கு விஷம் போல.

உமையா வம்சத்தின் மர்வான் இப்னுல் ஹகம் விஷயத்தில் இந்த வசவு அரசியலானது. அவர் 684இல் கலீபாவாகி 685இல் இறந்தவர். பின்னால் வந்த உமையா கலீபாக்கள் எல்லோரும் அவர் வழியினர். எதிரிகள் அவரை ‘இப்னுஸ் ஸர்கா’ என்று கூப்பிட்டார்கள், நீலக்கண்காரியின் மகன். தாய் வழியை இழுத்துத் திட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிற ஒன்றுதான்.

ஆனால் இதே மர்வானின் கண் மதீனாவில் வேறொரு தடம் விட்டுப்போனது. முதல் உமையா கலீபா முஆவியாவின் காலத்தில் மதீனாவின் ஆளுநராக இருந்தபோது, கலீபாவின் உத்தரவுப்படி குபா பக்கத்திலிருந்து ஊருக்குள் தண்ணீர் கொண்டுவந்தார். அதை ‘ஐனுல் அஸ்ரக்’ என்றார்கள், நீலக்கண்ணனின் ஊற்று. ‘ஐன்’ என்ற அரபுச் சொல்லுக்கு ஊற்று என்றும் பொருள், கண் என்றும் பொருள். தமிழில் ஊற்றுக்கண் என்று சொல்கிறோமே, அது போல. இலக்கணத்தில் ஐன் பெண்பால். நாளடைவில் மக்கள் வாயில் பால் ஒத்துப்போய் ‘ஐனுஸ் ஸர்கா’ ஆகிவிட்டது, நீல ஊற்று. ஓர் எழுத்து மாறியதில் ஆள் காணாமல் போய் நிறம் வந்து உட்கார்ந்துகொண்டது. மதீனாவுக்கு நூற்றாண்டுகளாகக் குடிநீர் தந்த அமைப்புக்கு இந்தப் பெயர்தான் நிலைத்தது. தெரியாதவர் இதைக் கேட்டால், தண்ணீர் நீலமாக இருந்திருக்கும் என்றுதான் நினைப்பார். நான் தார்ப்பாயை நினைத்த மாதிரி.

அதே காலத்தில் இன்னோர் அஸ்ரக்கின் மகன் பெரிய தலைவலியானார். நாஃபி இப்னுல் அஸ்ரக். தந்தை ரோமானிய மூலமுடைய விடுதலை பெற்ற அடிமை, கொல்லர் என்று சில பழைய குறிப்புகள் சொல்கின்றன. இது சரியென்றால் பெயரின் காரணம் விளங்கிவிடுகிறது. நாஃபி, காரிஜிகள் என்ற கிளர்ச்சிக்காரர்களில் மிகக் கடுமையான பிரிவுக்குத் தலைவர். தங்களோடு வந்து சேராத முஸ்லிம்களையே இறைமறுப்பாளர் என்றவர்கள். 685இல் அஹ்வாஸ் பக்கம் நடந்த சண்டையில் அவர் கொல்லப்பட்டார். ஆனால் கூட்டம் கலையவில்லை, இன்னும் பதினான்கு ஆண்டுபோல ஈரானில் இடம் மாறி இடம் மாறிச் சண்டை போட்டது. பின்னால் வந்த தலைவர் கதரி தன் பெயரில் நாணயமே அடித்தார். இந்தக் கூட்டத்தை வரலாறு ‘அஸாரிகா’ என்று அழைக்கிறது. அடிமை ஒருவரின் கண்ணில் தொடங்கிய சொல் பன்மையாகி ஒரு மதப்பிரிவின் பெயராக முடிந்திருக்கிறது.

நாஃபி பற்றி இன்னொரு செய்தியையும் விட மனமில்லை. நபித்தோழர் இப்னு அப்பாஸிடம் குர்ஆனின் அரிய சொற்களைப் பற்றி அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டதாக ஒரு மரபு உண்டு. ஒவ்வொரு பதிலுக்கும், “அரபியர் இந்தப் பொருளில் இதை வழங்கியிருக்கிறார்களா?” என்று கேட்பார். இப்னு அப்பாஸ் ஒரு கவிதை வரியைச் சொல்வார். சொல்லின் பொருளுக்குப் பழைய வழக்கைச் சான்றாகக் கேட்ட மனிதரின் பெயரிலேயே இப்படியொரு சொல் இருந்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

மக்காவின் வரலாற்றை 9ஆம் நூற்றாண்டில் தொகுத்த அல்-அஸ்ரகியின் குடும்பப் பெயரும் அல்-அஸ்ரக் என்ற ஒரு முன்னோரிடமிருந்து வந்ததுதான். ஸ்பெயினில் கிரனாடா முஸ்லிம் அரசின் கடைசிக் காலத்தில் நீதிபதியாக இருந்து, 1491இல் ஜெருசலேமில் இறந்த அரசியல் சிந்தனையாளர் ஒருவரும் இப்னுல் அஸ்ரக். இந்த இடத்தில் நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

ஸ்பெயின் என்றதும் அல்கோய் ஊரைச் சொல்லாமல் முடியாது. வலென்சியாப் பகுதியைக் கிறிஸ்தவ அரசர் முதலாம் ஹைமே கைப்பற்றிய பிறகும், மலைப்பக்கத்தில் ஒரு முஸ்லிம் தலைவர் அடங்காமல் இருந்தார். பெயர் அல்-அஸ்ரக். நீலக்கண் இருந்ததால் வந்த பட்டம் என்பது வழக்கு. 1245 வாக்கில் இளவரசர் அல்போன்ஸோவோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் அரபிலும் கஸ்தீலிய மொழியிலுமாக ஒரே தாளில் இன்றும் இருக்கிறது. அப்புறம் கலகம், தோல்வி, நாடுகடத்தல். 1276இல் திரும்பி வந்து அல்கோய் மதில் முன் சண்டையில் இறந்தார். புனித ஜார்ஜ் மதில்மேல் தோன்றி ஊரைக் காத்தார் என்று ஊரார் நம்பினார்கள். இன்றும் ஏப்ரலில் அல்கோயில் ‘மூர்களும் கிறிஸ்தவர்களும்’ திருவிழா அதற்காகத்தான் நடக்கிறது. தெருவெல்லாம் வேடம், துப்பாக்கி வெடி, புகை. தங்களை முற்றுகையிட வந்தவனை அரபுப் பட்டப்பெயரிலேயே 700 ஆண்டுக்கு மேலாக ஓர் ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது. அந்தப் பட்டம் ஏன் வந்தது என்று கேட்டால்தான் மொழி தெரிந்தவர் தேவைப்படுவார்.

கறுப்பாகும் நீலம்

சூடானுக்குப் போனால் கதை வேறு பக்கம் திரும்புகிறது. எத்தியோப்பியாவின் தானா ஏரியில் தொடங்கி, அங்கே அபாய் என்ற பெயரில் ஓடி, சூடானுக்குள் வந்து கார்தூமில் வெள்ளை நைலோடு சேரும் ஆற்றை அரபில் ‘அந்நீலுல் அஸ்ரக்’ அல்லது ‘அல்-பஹ்ருல் அஸ்ரக்’ என்கிறார்கள். நாம் நீல நைல் என்கிறோம். ஆனால் சூடான் அரபில் அஸ்ரக் என்றால் கருமையும்தான். அங்கே மனிதத் தோலைச் சொல்லும் வழக்கில் மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் இருக்கின்றன. பச்சை என்றால் மாநிறத்தில் கொஞ்சம் கறுத்தவர். அஸ்ரக் என்றால் நல்ல கறுப்பு.

1504இல் அமாரா துன்கஸ் நிறுவி, 1821இல் எகிப்தின் முகம்மது அலியின் படை வரும்வரை சென்னார் நகரிலிருந்து ஆண்ட ஃபூஞ்ச் அரசுக்கு ‘அஸ்ஸல்தனதுஸ் ஸர்கா’ என்று பெயர். ‘நீலச் சுல்தானகம்’ என்று பல நூல்கள் எழுதும். கொடியில் நீலமா, கட்டடத்தில் நீலமா என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. கறுப்பின மக்களின் அரசு என்பதுதான் பெயர்.

ஆற்றுக்கும் இந்தப் பொருள் பொருந்துகிறது. எத்தியோப்பிய மலைகளில் மழை கொட்டும் மாதங்களில் அது வண்டல் மண்ணைச் சுமந்துகொண்டு கறுப்புக்கும் பழுப்புக்கும் இடைப்பட்ட நிறத்தில் வரும். எகிப்துக்குப் போய்ச் சேரும் நைல் நீரில் பாதிக்கு மேல் இந்த ஆற்றுடையது. அங்கே வயலை வளமாக்கிய வண்டலும் பெரும்பாலும் இதனுடையதே. இன்னோர் ஆறு களிமண் கலந்து வெளிறி வருவதால் வெள்ளை. வெளிறியதும் கருத்ததும் கார்தூமில் சந்திக்கின்றன. வெள்ளைக்கு எதிர்ச்சொல்லாக நீலத்தை வைப்பதைவிடக் கருமையை வைப்பதுதான் எந்த மொழிக்கும் இயல்பு.

இதில் ஆச்சரியப்பட நமக்கு உரிமை கிடையாது. சிவபெருமானின் ஒரே கழுத்தை நீலகண்டம் என்கிறோம், கறைமிடறு என்கிறோம், மணிமிடறு என்கிறோம். நீல மலரைக் கருங்குவளை என்கிறோம். பழைய பாட்டில் கடல் கருங்கடல். கருப்புக்கும் நீலத்துக்கும் நடுவே கோடு போடாமல் நம் முன்னோர் நிம்மதியாகத்தான் இருந்திருக்கிறார்கள். பெயின்ட் கடை அட்டை வந்த பிறகுதான் நமக்கு இந்தக் கோடு இவ்வளவு முக்கியமாகிவிட்டது.

தண்ணீர் போன ஊர்

இனி என் தப்பு நடந்த இடம். அம்மானுக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் அஸ்ரக் இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் ஏன் அங்கே ஓர் ஊர் என்று தோன்றும். வடக்கே கறுப்பு எரிமலைக்கல் பாலை, தெற்கே சுண்ணாம்புக்கல் பாலை, நடுவே உப்பு படிந்த வெண்தரை. ஆனால் அந்தத் தாழ்நிலத்தில் ஊற்றுகள் இருந்தன. சுற்றுவட்டாரத்தில் பல நாள் நடந்தாலும் நிரந்தரமாகத் தண்ணீர் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். கறுப்புக் கல்லுக்கும் வெள்ளை உப்புக்கும் நடுவில் தண்ணீர் மினுங்குவதைத் தூரத்திலிருந்து பார்த்த ஒட்டகக்காரன் அந்த இடத்துக்கு வேறு என்ன பெயர் வைத்திருப்பான்? பழைய கவிதை நீர்த்தேக்கத்துக்குச் சொன்ன அதே சொல்லைத்தான்.

தண்ணீர் இருந்ததால் எல்லோரும் வந்தார்கள். ரோமானியர் கோட்டை கட்டினார்கள், டயோக்ளீஷியன் காலத்துக் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. 1237இல் அய்யூபி அரசின் தளபதி இஸ்ஸுத்தீன் அய்பக் அதைப் புதுப்பித்ததை வாசலுக்கு மேலே இருக்கும் அரபுக் கல்வெட்டு சொல்கிறது. கோட்டை முழுக்கக் கறுப்பு எரிமலைக்கல். மரம் கிடைக்காத ஊர் என்பதால் கதவும் கல்லே. ஒரே பலகைக் கல், எண்ணெய் விட்டால் சுழலும்படி குமிழ் செதுக்கியது. நீலம் என்று பெயர், கட்டடம் முழுக்கக் கறுப்பு. முதல் உலகப்போரின்போது 1917–18 குளிர்காலத்தில் அரபுக் கிளர்ச்சியோடு இருந்த ஆங்கிலேய அதிகாரி டி.இ. லாரன்ஸ் இங்கே தங்கியிருந்தார்.

பிறகு குடியேற்றங்கள். வடக்கு அஸ்ரக்கில் சிரியாவின் மலையிலிருந்து வந்த துரூஸ் என்ற சமயப் பிரிவினர், தெற்கு அஸ்ரக்கில் காக்கேசஸிலிருந்து ரஷ்யப் பேரரசைவிட்டு வெளியேறிய செச்சென்கள். இன்றும் ஒன்று துரூஸ் அஸ்ரக், மற்றது செச்சென் அஸ்ரக். ஒருவர் உப்பு எடுத்தார்கள், மற்றவர் ஈரநிலத்தில் எருமை மேய்த்தார்கள். பாலைவனத்தில் எருமை! அந்த அளவுக்குத் தண்ணீர் இருந்திருக்கிறது.

ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே பறக்கும் பறவைகளுக்கு இது தங்குமிடம். 1967 பிப்ரவரியில் ஒரே நாளில் எடுத்த கணக்கில் 3,47,000 பறவைகள். 1977இல் ஜோர்டானின் முதல் ராம்சர் ஈரநிலமாக அறிவித்தார்கள், 1978இல் காப்பகமானது.

பெயர்ப் பலகை வைத்த கொஞ்ச நாளிலேயே பெயருக்குக் காரணமான பொருள் போகத் தொடங்கியது. பெருகிக்கொண்டிருந்த அம்மானின் குடிநீருக்காக 1980களின் தொடக்கத்திலிருந்து இங்கே பெரிய அளவில் நிலத்தடி நீரை இறைத்தார்கள். விவசாயிகள் அனுமதியில்லாமல் போட்ட ஆழ்குழாய்க் கிணறுகள் வேறு. ஊற்று என்பது நிலத்தடி நீர்மட்டம் தரைக்கு வந்து எட்டிப் பார்க்கும் இடம், அவ்வளவுதான். மட்டம் சில மீட்டர் இறங்கினால் ஊற்று நின்றுவிடும். 1992இல் ஊற்றுகள் முற்றாக வற்றின. ஈரநிலம் வெடித்த சேறாகி, பிறகு புழுதியானது. எருமைகள் போயின, பறவைகள் பாதையை மாற்றிக்கொண்டன. உலகத்தில் வேறெங்கும் இல்லாத, விரல்நீளம்கூட இல்லாத ஒரு சின்ன மீன் அங்கே இருந்தது. அதுவும் அழிவின் விளிம்புக்குப் போனது.

1994இலிருந்து மீட்பு வேலை நடக்கிறது. ஜோர்டானின் அரச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பொறுப்பு எடுத்து, நீர்த்துறை குழாய் வழியே கொடுக்கும் தண்ணீரை ஈரநிலத்துக்குள் விடுகிறது. பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மீட்க முடிந்திருக்கிறது. அந்த மீன் பிழைத்துக்கொண்டது, பறவைகளில் கொஞ்சம் திரும்பியிருக்கின்றன. இன்று அஸ்ரக்கில் நீங்கள் பார்க்கும் ‘அஸ்ரக்’ குழாயில் வருகிறது.

அகதி முகாம் இந்த ஊரிலிருந்து மேற்கே 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 1990–91 வளைகுடாப் போரின்போதும் இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு அதே நிலத்தில்தான் முகாம் போட்டிருந்தார்கள். 2014க்குப் பிறகு பல பத்தாயிரம் சிரியர்கள். 2017இல் அங்கே சூரிய மின்நிலையம் வந்தது. ஓர் அகதி முகாமுக்கு அப்படி மின்சாரம் தருவது அதுதான் முதல் முறை. ‘நீல முகாம்’ என்று எழுதியவன் ஊற்றையும் கோட்டையையும் எருமையையும் ஒரேயடியாக அழித்துவிட்டு, இல்லாத தார்ப்பாயை விரித்துவிட்டான்.

அதே நாட்டில் இன்னொரு பெயரும் இதே வேரில்: ஸர்கா. இது முதலில் ஆற்றின் பெயர். விவிலியத்தில் யாக்கோபு கடந்து போன யாப்போக்கு ஆறுதான் இது. ஆற்றங்கரையில் 1902இல் செச்சென் குடியேறிகள் அமைத்த குடியிருப்பு வளர்ந்து, இன்று ஜோர்டானின் பெரிய நகரங்களில் ஒன்று. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அங்கேதான். இப்போது ஆற்றில் ஓடுவதில் பெரும்பகுதி தலைநகரின் சுத்திகரித்த கழிவுநீர். பிறகு அந்த நகரின் பெயர் உலகச் செய்திகளில் வேறு வழியாக நுழைந்தது. ஈராக்கில் அல்-கொய்தாவை நடத்தி 2006 ஜூனில் அமெரிக்கக் குண்டுவீச்சில் கொல்லப்பட்டவர் அங்கே பிறந்தவர். இயற்பெயர் அஹ்மத், ஊரை வைத்து அல்-ஸர்காவி. தண்ணீரின் மினுக்கம் ஆற்றுக்குப் போய், ஆறு ஊருக்குப் போய், ஊர் ஆளுக்குப் போயிருக்கிறது. இந்தப் பெயரில் யாரும் நிறத்தைத் தேடுவதில்லை, தேடவும் வேண்டாம்.

சில பொறிகள், சில மிச்சங்கள்

ஸ்பானிய ‘அஸுல்’ இந்த அஸ்ரக்கிலிருந்து வந்தது என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. அது லாஜவர்த் என்ற பாரசீகச் சொல் அரபு வழியாகப் போனது, லாபிஸ் லாசுலி என்ற நீலக்கல்லின் பெயர். போர்ச்சுகல் வீடுகளில் சுவரில் பதிக்கும் நீல ஓடுகளை ‘அஸுலேஜோ’ என்பார்களே, அது நீலத்திலிருந்தே வரவில்லை. மெருகேற்றிய ஓட்டுக்கு அரபில் இருக்கும் ஸுலைஜ் என்ற சொல்தான் அது. ஓடு நீலமாக இருப்பது தற்செயல், ஒலி ஒத்துப்போவதும் தற்செயல்.

அஸ்ரக்கைச் செல்லமாகச் சுருக்கினால் ஸுரைக். மதீனாவில் பனூ ஸுரைக் என்ற குலம் இருந்தது, நபிகள் காலத்துக் குதிரைப் பந்தயம் ஒன்று அவர்கள் பள்ளிவாசல்வரை ஓடியதாக ஹதீஸில் வருகிறது. 1948இல் பாலஸ்தீனத்துக்கு நேர்ந்ததை ‘நக்பா’, அதாவது பேரழிவு என்று பெயரிட்டு எழுதிய டமாஸ்கஸ்காரரான வரலாற்றாசிரியர் கான்ஸ்டன்டைன் ஸுரைக் இதே பெயர்க்காரர், கிறிஸ்தவர். சிறகில் நீலக்கீற்று உள்ள ஜே பறவைக்கு அரபில் ‘அபூ ஸுரைக்’. என் பட்டியலின் பழைய பெயர்களில் உண்மையிலேயே நீலத்தைப் பார்த்து வைத்த பெயர் இதுதான்.

11ஆம் நூற்றாண்டின் தொலேடோ வானியலாளர் அல்-ஸர்காலியின் பெயரையும் நீலக்கண்ணோடு சிலர் இணைப்பார்கள். லத்தீனில் அவர் அர்ஸாக்கேல். நிலாவில் ஏறத்தாழ 97 கிலோமீட்டர் அகலமான ஒரு குழிக்கு அந்தப் பெயர் இருக்கிறது.

இன்றைய அரபில் அஸ்ரக் என்றால் சந்தேகமில்லாமல் நீலம்தான். குவைத் கால்பந்து அணி ‘அல்-அஸ்ரக்’, காரணம் சட்டை. 1982 உலகக் கோப்பையில் அது பிரான்ஸோடு மோதியது. பிரான்ஸ் அணியின் செல்லப்பெயரும் நீலர்கள்தான். கூட்டத்திலிருந்து வந்த விசில் சத்தத்தை நடுவருடையது என்று நினைத்துக் குவைத் வீரர்கள் நின்றுவிட, பிரான்ஸ் கோல் போட்டது. குவைத் ஷேக் ஃபஹத் மைதானத்துக்குள் இறங்கிவந்து வாதாட, நடுவர் கோலை ரத்து செய்தார். குவைத் 4–1 என்று தோற்றது. எங்கள் தெருவில் குவைத்திலிருந்து திரும்பிய ஒருவர் இந்த ஆட்டத்தைப் பற்றி இன்றும் நடித்துக் காட்டுவார்.

இப்போது என் வேலையில் இந்தச் சொல் வந்தால், முதலில் அது எதன் தலையில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கிறேன். ஊர் என்றால் அஸ்ரக், அப்படியே. ஆள் என்றால் பெயரை விட்டுவிட்டு, தேவைப்பட்டால் நீலக்கண்ணன் என்று ஒரு வரி. பழைய கவிதையில் தண்ணீர் என்றால் மினுங்கும் நீர். ஃபூஞ்ச் அரசைக் கறுப்புச் சுல்தானகம் என்று எழுதுகிறேன், யாரும் சண்டைக்கு வரவில்லை. நைலை மட்டும் தொடவில்லை. கரு நைல் என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன். தம்பி அதை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியிருந்தார்: “பள்ளிக்கூடப் புத்தகத்துல நீல நைல்தான் இருக்குண்ணே. பிள்ளைங்க வேற ஆறுன்னு நெனச்சுக்கும்.” சரி என்று விட்டுவிட்டேன்.